ஸ்பிரிங் வாங்குவதற்கு முன் அளவுநாடாவை எடுங்கள்

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே சிக்கல் உள்ள மற்றவர்களுக்கும் உதவும். உங்களிடம் இருப்பது 2013ஆம் ஆண்டு சுசுகி வி-ஸ்ட்ரோம் 650 மோட்டார் சைக்கிள். ஏற்கெனவே ஓடிய வண்டியாக வாங்கினீர்கள். இதுவரை 62,000 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. உங்கள் எடை 84 கிலோ. தூரப் பயணங்களில் பின்னால் இரண்டு பெட்டிகள். பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்புற இறங்குகிறது. கிரிக்–ஜெலி சாலையில் ஒருமுறை ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய், அடிவரை போய் முட்டிவிட்டது. ஆனால் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் சிறிய தார் ஒட்டு ஒன்றின்மேல் ஏறினாலும் மணிக்கட்டில் சுளீரென்று அடிக்கிறது. இடது ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறது. பட்டறையில் தலைகீழ் ஃபோர்க் (தடித்த குழாய் மேலே, மெல்லிய குழாய் கீழே இருப்பது) ஒரு ஜோடியை மாட்டச் சொல்கிறார்கள். அதுதான் வழியா, அல்லது வீட்டு முற்றத்தில் நீங்களே ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்களே செய்யலாம். தலைகீழ் ஃபோர்க் வேண்டாம். செம்பனை ஆலையில் இருபத்தாறு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவன் நான். என் வண்டியோடு சேர்த்து இந்த வட்டாரத்தில் பலருடைய வண்டிகளின் முன் ஃபோர்க்கைத் திறந்து மூடியிருக்கிறேன். பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்பட்டது புதிய ஃபோர்க் அல்ல. தங்கள் எடைக்குப் பொருந்திய ஸ்பிரிங், நல்ல எண்ணெய், ஒரு நாள் பொறுமை. வேறொரு வண்டியின் ஃபோர்க்கை மாட்டினால் அதன் நீளம், அச்சின் தடிமன், பிரேக் காலிப்பர் இடைவெளி, ஏபிஎஸ் உணரியின் இடம் எல்லாம் மாறும். நீளம் மாறினால் திருப்பத்தில் வண்டியின் குணமே மாறிவிடும். வண்டியின் கட்டமைப்பை மாற்றுவதற்கு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் விபத்து நேர்ந்தால் காப்புறுதியில் வழக்காடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். இவ்வளவையும் கடந்து வந்தாலும் அந்த ஃபோர்க்கின் உள்ளே இருப்பது யாரோ ஒருவருடைய எடைக்கு அமைத்த ஸ்பிரிங்தான்.

மெத்தென்று இறங்குகிறது, சுளீரென்றும் அடிக்கிறது. இது எப்படி என்று குழம்பியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுக்கொன்று பக்கத்தில்தான் இருக்கிறது. என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு நிறுவைக் கொட்டகைக்கு நடப்பார். ஒவ்வோர் அடிக்கும் கம்பு வளைந்து நிமிரும். அதனால்தான் தோள் தாங்கியது. ஆனால் வாளிகள் ஆடிக்கொண்டே இருக்காமல் இரு கைகளாலும் கயிற்றை இலேசாகப் பிடித்துக்கொள்வார். கம்புதான் ஸ்பிரிங், எடையைத் தாங்குவது அது. கைப்பிடிதான் எண்ணெய், ஆட்டத்தை அடக்குவது அது. கம்பு மெலிந்ததாக இருந்தால் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் வாளி தரையைத் தட்டும்.

உங்கள் ஃபோர்க் 43 மி.மீ. குழாய் கொண்டது, உள்ளே ஒரு தண்டு, அதன் அடியில் சில துளைகள், அவ்வளவுதான். ஃபோர்க் அமுங்கும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியே பிதுங்கிப் போக வேண்டும். துளை வழியே எண்ணெய் போகும்போது உண்டாகும் தடை, வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாகத்தான் இறங்குகிறது. அப்போது துளையில் தடையே இல்லாததுபோல் எண்ணெய் வழிந்தோடுகிறது. தார் ஒட்டின் கூரிய விளிம்பில் சக்கரம் மோதும்போது ஃபோர்க் மின்னல் வேகத்தில் அமுங்க வேண்டும்; எண்ணெய்க்கு வழி போதாமல் கல்லாக நின்றுவிடுகிறது. தடித்த எண்ணெய் ஊற்றினால் இறக்கம் சற்றுக் குறையும், அடி இன்னும் மோசமாகும். மெல்லிய எண்ணெய் ஊற்றினால் நேர்மாறு. எண்ணெயை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் இதனால்தான் நிறைவு காண்பதில்லை.

இனி ஸ்பிரிங். இங்கே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இந்தக் கணக்கு புரிந்தால் மற்ற எல்லாம் எளிது. வண்டி சுமார் 215 கிலோ, நீங்களும் உடையும் சேர்ந்து சுமார் 90. அதில் முன்சக்கரத்தின் பங்கில் சக்கரம், பிரேக் போன்றவற்றின் எடையைக் கழித்து, ஃபோர்க்கின் சாய்வையும் பார்த்தால், இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து தாங்குவது ஏறத்தாழ 108 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 0.70 கிலோ என்றால் இரண்டும் சேர்ந்து 1.4, மொத்தம் 77 மி.மீ. அமுங்கினால்தான் அந்த எடையைத் தாங்கும். மூடியைத் திருகும்போதே 20 மி.மீ. அமுக்கி வைத்திருந்தால் நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி 57 மி.மீ. தாழ்கிறது. பலமாகப் பிரேக் பிடித்து இன்னொரு 90 கிலோ முன்னால் சாய்ந்தால் மேலும் 64. ஆக 121. உங்கள் ஃபோர்க்கின் மொத்தப் பயணமே 150 மி.மீ.; மீதியிருக்கும் 29 மி.மீ.க்குள் ஒரு பள்ளம் வந்தால் எங்கே போவது? 0.90 ஸ்பிரிங்கில் அதே கணக்கு: உட்கார்ந்ததும் 40, பிரேக்கில் 50, மொத்தம் 90. அறுபது மில்லிமீட்டர் கையிருப்பு.

ஃபோர்க்கின் மேல் மூடியிலுள்ள திருகை உள்ளே இறக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். பிரேக்கில் தாழும் அந்த 64 மி.மீ. அப்படியே இருக்கும். ஸ்பிரிங்கின் வலு அதன் கம்பித் தடிமனிலும் சுருள் எண்ணிக்கையிலும் இருக்கிறது, திருகில் இல்லை.

எனவே எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுவதும் நீண்டிருக்கும்போது தூசி சீலின் மேல்விளிம்பிலிருந்து, குழாய்களை வண்டியோடு பிடித்திருக்கும் கீழ்க் கவ்வியின் அடிவரை அளந்து எழுதுங்கள். பிறகு பயண உடையோடு, பெட்டிகளிலும் வழக்கமான சுமையோடு வண்டியில் உட்காருங்கள். வீட்டில் ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் அளக்கட்டும். முன்பக்கத்தை நன்றாக அமுக்கி மெதுவாக எழவிட்டு ஓர் அளவு. மேலே தூக்கி மெதுவாக இறங்கவிட்டு இன்னோர் அளவு. இந்த இரண்டின் சராசரியை முதல் அளவிலிருந்து கழித்தால் கிடைப்பதுதான் உங்கள் தாழ்வு. இந்த வண்டிக்கு 38 முதல் 42 மி.மீ. வரை நல்லது. கடைசி இரண்டு அளவுகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் ஃபோர்க்கில் உராய்வு அதிகம். சீலோ, குழாய்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவ உதவும் புஷ் வளையமோ தேய்ந்திருக்கலாம், அச்சு கோணலாகப் பூட்டப்பட்டிருக்கலாம். ஸ்பிரிங் மாற்றி இது தீராது.

அளக்கும்போதே குழாயின் குரோம் பூச்சை நகத்தால் தடவிப் பாருங்கள். நம் ஊர் ஈரமும் தோட்டத்துச் செம்மண்ணும் குரோமுக்குப் பகை. சீல் ஓடும் பகுதியில் துருக்குழி ஒன்று இருந்தாலும் புதிய சீல் சில வாரங்களில் கிழியும். முதலில் குழாயைக் கவனிக்க வேண்டும். கைப்பிடியின் தண்டு சுழலும் தாங்கிகளில் ஆட்டம் இருக்கிறதா, டயர் காற்று சரியா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

வாங்க வேண்டியவை: ஒரே சீரான வலு கொண்ட ஸ்பிரிங் ஒரு ஜோடி. உங்கள் எடைக்கு 0.90 என்பது என் கருத்து. அடிக்கடி மனைவியை ஏற்றிச் செல்வதாக இருந்தால் 0.95. தயாரிப்பாளரின் எடைப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மேலே நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் சுற்றிய ஸ்பிரிங்குகள் எனக்குப் பிடிக்காது. ஆரம்பத்தில் சொதசொதவென்று இறங்கிவிட்டுப் பிறகு திடீரென இறுகும். எண்ணெய் சீல், தூசி சீல், புஷ், அடிப்போல்ட்டின் செம்பு வளையம் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் புதிதாக. ஒரு பக்கம்தான் கசிகிறது என்று ஒரு பக்கத்துக்கு மட்டும் வாங்காதீர்கள். இரண்டு லிட்டர் ஃபோர்க் எண்ணெய். 10, 15 என்று புட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்: ஒரு நிறுவனத்தின் 10 இன்னொன்றின் 15-க்குப் பக்கத்தில் இருக்கும். 40 பாகை வெப்பத்தில் அதன் பிசுபிசுப்பு எவ்வளவு என்று விவரத்தாளில் எழுதியிருப்பார்கள். ஒப்பிட வேண்டியது அதைத்தான். ஒரே நிறுவனத்தின் எண்ணெயிலேயே தொடர்ந்து இருப்பது இன்னும் நல்லது.

அடுத்து எமுலேட்டர் எனப்படும் சிறு வால்வு. ரேஸ்டெக் நிறுவனத்தினுடையது பலரும் அறிந்தது. தண்டின் தலைமேல் அமர்ந்து, ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் அங்கேயே நிற்கும். மெதுவான இறக்கத்துக்கு இது தடை கொடுக்கும். கூரிய அடி வரும்போது தன் சிறு ஸ்பிரிங்கை அமுக்கித் திறந்து எண்ணெய்க்கு வழிவிடும். நீங்கள் சொன்ன இரண்டு குறைகளையும் ஒரே நேரத்தில் தொடுவது இதுதான். பணம் நெருக்கடியாக இருந்தால் ஸ்பிரிங்கை முதலில் மாற்றுங்கள், வால்வு பிறகு வரட்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்வேன். உங்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. சீல் கசிவதால் எப்படியும் ஃபோர்க்கை முழுவதும் பிரிக்கப் போகிறீர்கள். அதே வேலையை மூன்று மாதம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டாம்.

வண்டியைத் தூக்கி நிறுத்துவதில்தான் வீட்டு வேலைகள் பெரும்பாலும் கெடுகின்றன. இந்த வண்டியின் இயந்திரத்துக்கு முன்புறம் எண்ணெய் வடிகட்டியும் புகைக்குழாயும் நிற்கின்றன. அங்கே ஜாக்கி வைத்தால் உடையும். நடுத்தாங்கி இருந்தால் அதில் நிறுத்திப் பின்பக்கம் பாரம் வையுங்கள். இல்லையென்றால் முற்றத்து உத்திரத்திலிருந்து பெல்ட் போட்டுச் சட்டத்தின் தலைப்பகுதியைத் தூக்குவது நல்லது. உத்திரம் உளுத்துப்போகாத கெட்டி மரமா என்று முதலில் பாருங்கள். கீழ்க் கவ்வியில் தாங்கு கொடுக்கக் கூடாது, ஃபோர்க்கை உருவ வேண்டிய இடமே அதுதான்.

பிரிக்கும் வரிசையை மனத்தில் பதிய வையுங்கள். மேல் கவ்விக்கு மேலே குழாய் எத்தனை மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் அளந்து எழுதுங்கள். மேல் கவ்வியின் போல்ட்டைத் தளர்த்தி, கீழ்க் கவ்வி பிடித்திருக்கும்போதே ஃபோர்க் மூடியை அரைச்சுற்று இளக்குங்கள். குழாயை வெளியே எடுத்த பிறகு இதைச் செய்வது பெரும்பாடு. காலிப்பர்களைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் குழாயில் அவற்றின் எடை விழக் கூடாது. ஏபிஎஸ் கம்பியையும் பத்திரமாக ஒதுக்கிவிடுங்கள். சக்கரம் இல்லாத நேரத்தில் யாரும் பிரேக் பிடியைத் தொட வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் பிடியில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டுங்கள்.

குழாயின் அடியிலுள்ள அலன் போல்ட்டை, ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே திறக்கப் பாருங்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் உள்தண்டு போல்ட்டோடு சேர்ந்து சுழலும். அரை நாள் அதிலேயே போய்விடும். ஸ்பிரிங் அமுக்கிக்கொண்டிருந்தால் தண்டு அசையாது. அப்படியும் வரவில்லையென்றால் ஃபோர்க்கைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காற்றுத் துப்பாக்கியால் ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். மேல் மூடியைக் கடைசிப் புரிகளில் கழற்றும்போது முகத்தை விலக்கி, உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். ஆலையில் என்னோடு வேலை செய்த ஒருவர் இதை அலட்சியம் செய்து முன்பல் இழந்தார்.

எமுலேட்டர் தன் வேலையைச் செய்ய வேண்டுமானால் பழைய தண்டின் அடித்துளைகள் இனித் தடையாக இருக்கக் கூடாது. அவற்றை 8 மி.மீ.க்கு அகலப்படுத்தி, அதே அளவில் மேலும் துளைகள் போட்டு மொத்தம் ஆறாக்க வேண்டும். மேல்பகுதியிலுள்ள சிறு துளை எழும்புதலை அடக்குவது; அதைத் தொடாதீர்கள். துளையிட்ட பின் உள்ளும் புறமும் பிசிறை அரத்தால் நீக்கி, மண்ணெண்ணெயில் இரண்டு முறை கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஒரு மின்னும் துகள் இருந்தாலும் மறுபடியும் கழுவுங்கள். அந்தத் துகள் 62,000 கிலோமீட்டர் தேய்மானத்தைவிட அதிகக் கேடு செய்யும்.

புதிய சீலை இறக்கத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. சீலையும் பழைய வளையத்தையும் எடுத்துக்கொண்டு இரும்புக்கடைக்குப் போங்கள்; குழாயின்மேல் தாராளமாக நழுவி, சீலின் விளிம்பில் சரியாக உட்காரும் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உட்குழாயின் மேல்விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் போட்டு, எண்ணெய் தடவி, சீலை அதன்மேல் நழுவவிடுங்கள். விளிம்பு கீறினால் வாங்கிய அன்றே சீல் வீண். தட்டும் ஒலி மந்தத்திலிருந்து கணீரென்று மாறினால் சீல் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள்.

ஸ்பிரிங்கின் மேலே வரும் இடைக்குழாயின் நீளத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். எமுலேட்டரின் உயரம் கூடியிருக்கிறது, புதிய ஸ்பிரிங்கின் நீளமும் வேறாக இருக்கலாம். எல்லாவற்றையும் உள்ளே வைத்து, மூடித் திருகை நடுவில் நிறுத்தி, ஃபோர்க் முழுவதும் நீண்டிருக்கும்போது மூடியை இடைக்குழாயின்மேல் சும்மா வைத்துப் பாருங்கள். மூடிக்கும் அது அமர வேண்டிய இடத்துக்கும் இடையே 20 மி.மீ. இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். கூடுதலாக இருந்தால் இடைக்குழாயை அந்த அளவுக்கு அறுங்கள். வெட்டு நேராக இருக்கட்டும்.

எண்ணெய் மட்டத்தில் மட்டும் எந்தத் தளர்வும் கூடாது. ஸ்பிரிங் இல்லாமல், ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, நேராக நிறுத்தி, குழாயின் மேல்விளிம்பிலிருந்து எண்ணெய்ப் பரப்பு வரை அளக்க வேண்டும். எண்ணெய் ஊற்றி மெதுவாகப் பத்து முறை இழுத்து அமுக்கி, கால்மணி நேரம் விட்டுவிடுங்கள்; குமிழிகள் மேலே வரட்டும். பிறகு ஒரு பெரிய ஊசிக்குழலில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி, குறித்த அளவுக்கு மேலே உள்ளதை உறிஞ்சி எடுங்கள். ஸ்பிரிங்கோடு வரும் தாளில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். இரண்டு பக்கமும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணெய்க்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அமுக்கினால் கடைசியில் எப்படி எதிர்க்கிறது, அதுபோல. மட்டத்தை 10 மி.மீ. உயர்த்தினால் பயணத்தின் முதல் பாதியில் வேறுபாடே தெரியாது. கடைசிப் பகுதியில் தெளிவாகத் தெரியும்.

பழைய எண்ணெயை வடிகாலில் ஊற்றிவிடாதீர்கள். ஒரு புட்டியில் அடைத்துப் பட்டறையின் கழிவெண்ணெய்ப் பீப்பாயில் சேர்த்துவிடுங்கள். நம் வடிகால்கள் எல்லாம் கடைசியில் ஆற்றுக்குத்தான் போகின்றன.

திரும்பப் பூட்டும்போது ஒரே ஓர் இடத்தை அழுத்திச் சொல்கிறேன். அச்சை முறுக்கிய பிறகு, அதன் அடியிலுள்ள கவ்வு போல்ட்டை உடனே இறுக்காதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு முறை பலமாக அமுக்கி விடுங்கள்; இரண்டு கால்களும் தாமாகவே இணையாக நிற்கும். அதன் பிறகு இறுக்குங்கள். இதைத் தவறவிட்ட என் நண்பர் ஒருவர், புதிய ஸ்பிரிங்கே சரியில்லை என்று ஒரு மாதம் வருந்தினார்; அந்தப் போல்ட்டைத் தளர்த்தி இறுக்கியதும் ஃபோர்க் வெண்ணெய்போல் நழுவியது. எல்லா முறுக்கு அளவுகளும் உங்கள் வண்டியின் பழுதுபார்ப்பு நூலில் இருக்கின்றன. கை உணர்வை நம்பாமல் டார்க் ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள். வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் பிடியைக் கெட்டியாகும்வரை அமுக்குங்கள். கழற்றிய காலிப்பரில் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்கும். முதல் பிடியில் பிரேக் இருக்காது.

முதல் ஓட்டத்தை லிந்தாங் சாலையில் வைத்துக்கொள்ளுங்கள், வேகம் வேண்டாம். திரும்பி வந்து போல்ட்டுகளை மறுபடி பாருங்கள், தாழ்வை மறுபடி அளங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எமுலேட்டரின் சிறு ஸ்பிரிங்கை இரண்டு சுற்றில் தொடங்கலாம். கூரிய அடி இன்னும் கைக்கு வந்தால் கால் சுற்று இளக்குங்கள், பிரேக்கில் இறக்கம் வேகமாக இருந்தால் கால் சுற்று இறுக்குங்கள். பள்ளம் தாண்டியதும் முன்பக்கம் துள்ளி எழுந்தால் அதற்கு மருந்து எண்ணெயின் தடிமன்தான்.

குழாயில் தூசி சீலுக்குச் சற்று மேலே ஒரு பிளாஸ்டிக் கட்டுநாடாவை, நழுவும் அளவுக்கு இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஃபோர்க் எவ்வளவு ஆழம் போனதோ அதுவரை நாடா தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். அடுத்த மாதம் ஜெலிக்குப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தெமெங்கோர் ஏரிப் பாலத்துக்கு அப்பால் சாலை அலையலையாக ஏறி இறங்கும் அந்த நீட்டத்தைக் கடந்ததும் நிறுத்தி, சக்கரத்தைத் தூக்கி, சீலிலிருந்து நாடா வரை அளந்துகொள்ளுங்கள். 140 மி.மீ.யைத் தாண்டியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் மட்டத்தை இரண்டு பக்கமும் 10 மி.மீ. உயர்த்துங்கள். 115-க்குக் கீழே நின்றால் 10 மி.மீ. இறக்குங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் மூடியைத் தொட வேண்டாம்; அடுத்த 20,000 கிலோமீட்டர் வரை எண்ணெய் மாற்றும் வேலை வராது.